தனித்தனியாக வாங்கிய சம்மதம்

ஆஸ்பத்திரியின் பின்புறத்தில், மருந்துக் கிடங்கைத் தாண்டி இருந்தது சலவைக்கூடம். காலையில் உள்ளே நுழைந்ததுமே நீராவி முகத்தில் அறையும். வார்டு வார்டாக வந்து குவியும் படுக்கை விரிப்புகளைத் துவைத்துப் பிழிந்து, சூடான உருளைகளுக்கு நடுவே விட்டு எடுக்க வேண்டும். விரிப்பை உள்ளே செலுத்த இந்தப் பக்கம் ஒரு ஆள், சுருக்கம் நீங்கி வெளியே வருவதைப் பிடித்து மடிக்க அந்தப் பக்கம் ஒரு ஆள். இந்தப் பக்கத்து ஆளைக் கூடத்தில் எல்லோரும் கேஸ்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேலியாக ஆரம்பித்தது. நாளாக ஆக அதுவே பெயராகிவிட்டது.

“நாளைக்கு எனக்கு லீவு வேணும்” என்றார் கேஸ்காரர், மேஸ்திரியிடம்.

“கோர்ட்டா?”

“ஆமா.”

“போன தடவை என்ன ஆச்சு?”

“ஜட்ஜ் லீவு.”

“அதுக்கு முந்தின தடவை?”

“அரசாங்க வக்கீலுக்கு உடம்பு சரியில்ல.”

மேஸ்திரி வாய்விட்டுச் சிரித்தார். “அரசாங்கத்துக்கு வயசே ஆகாதுங்க. நரைக்கிறது உங்க தலைதான். சரி, போயிட்டு வாங்க. மலை கைக்கு வந்துச்சுன்னா ஓரமா எனக்கும் ஒரு எடம் குடுங்க.”

கேஸ்காரரும் சிரித்துவைத்தார். மேஸ்திரி மேல் அவருக்குக் கோபமில்லை. நாள் முழுக்க அவரிடம் வாய்கொடுத்துப் பேசுகிறவர் அந்த ஒருவர்தான்.

அவர் மலையில் பிறந்தவர். அவருடைய சனத்துக்கு அந்த மலையைத் தவிர வேறு ஊர் தெரியாது. மலைக்கு அடியில் இரும்புத் தாது இருக்கிறது என்று அரசாங்கம் கண்டுபிடித்த நாளில்தான் அவர்களுக்கு வினை பிடித்தது. மலைச்சனத்தின் சம்மதம் இல்லாமல் தோண்டக் கூடாது என்று சட்டம் இருந்தது. அந்தச் சட்டத்தை நம்பி மொத்தச் சனமும் ஒன்றாகச் சேர்ந்து அரசாங்கத்தின் மேல் வழக்குப் போட்டது. வழக்கு நடக்கும்போதே, பாதுகாப்புக்காக என்று சொல்லி, எல்லோரையும் அடிவாரத்தில் கட்டிய குடியிருப்புக்கு இறக்கிவிட்டார்கள். பிறகு அதிகாரிகள் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். ஒவ்வொரு குடும்பமாகச் சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வழக்கிலிருந்து கழன்றுகொண்டது. முடிவில் இவர் ஒருவர்தான் மிஞ்சினார்.

அதன்பின் குடியிருப்பில் அவருக்கு முகம் கொடுப்பார் இல்லை. ‘இவன் ஒருத்தன் முரண்டு பிடிக்கிறதாலதான் வீட்டுப் பத்திரம் நம்ம கைக்கு வரல’ என்று காதுபடப் பேசினார்கள். குழாயடிக்கு அவருடைய மனைவி போனால் மற்றப் பெண்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அவள் காய்ச்சலில் படுத்து, எழுந்திருக்காமலே போய்ச் சேர்ந்தாள். கூடப்பிறந்த தம்பிகூட வாசலோடு நின்றான். அடக்கம் முடிந்ததும் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போய்விட்டான். மறுவாரமே அவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு நகரத்துக்கு வந்தார். மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை. நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும். பொங்குவதும் ஒற்றை ஆளுக்கு. உப்புப் பார்க்கச் சொல்ல அடுத்த ஆள் கிடையாது. சில நாட்களில் பக்கத்து அறையில் யாராவது இருமினால்கூட அவருக்கு ஆறுதலாக இருக்கும்.

மறுநாள் கோர்ட்டில் அரசாங்க வக்கீல் புதிதாக ஒரு வாதத்தை எடுத்தார்.

“கனம் நீதிபதி அவர்களே, சட்டம் கொடுப்பது சமூகத்துக்கான உரிமை, தனி ஆளுக்கான உரிமை அல்ல. மலை எங்கள் கூட்டத்துக்குச் சொந்தம் என்கிறார் மனுதாரர். எங்கே அந்தக் கூட்டம்? எல்லோரும் சம்மதித்துப் போய்விட்டார்கள். இங்கே நிற்பது ஒரே ஒரு ஆள். ஒரு ஆள் எப்படிச் சமூகம் ஆவார்?”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். கேஸ்காரர் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றார். அவருக்கு அது புதிய கேள்வி இல்லை. மாடிப்படி அறையில் படுத்துக்கொண்டு அவரே தன்னைக் கேட்டுப் பார்த்து, பதில் கிடைக்காமல் புரண்டு படுத்த கேள்விதான்.

நீதிபதி வாய்தா கொடுத்தார். அடுத்த விசாரணைக்குள் அந்தச் சனத்திலிருந்து வேறு யாராவது முன்வந்தால் கேட்கலாம். இல்லாவிட்டால் மனு தள்ளுபடி.

வராந்தாவில் அவருடைய வக்கீலம்மா கறுப்புக் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு நின்றார்.

“யாராவது ஒருத்தர் வந்தாக்கூடப் போதும். அதை வச்சு நான் வாதாடிக்குவேன். உங்க தம்பிகிட்டக் கேட்டுப் பாருங்களேன்.”

“அவன் எம் மூஞ்சியிலகூட முழிக்க மாட்டாம்மா.”

“நீங்க கடைசியா எப்பக் கேட்டீங்க?”

யோசித்துப் பார்த்தால், ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினார். குடியிருப்பில் வரிசை வரிசையாக ஒரே அச்சில் வார்த்த வீடுகள். எந்த வீட்டின் ஜன்னலும் மலையைப் பார்த்து இல்லை. அவர் தெருவில் நுழைந்ததும் ஒரு வீட்டில் டிவி சத்தம் சட்டென்று குறைந்தது. சின்ன வயதில் தோளில் கைபோட்டுக்கொண்டு அலைந்த சிநேகிதன் வீடு அது. கதவைத் தட்டினார். “அவர் வீட்ல இல்ல” என்று உள்ளிருந்து சொன்ன குரல் அந்தச் சிநேகிதனுடையதேதான். கேஸ்காரருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. “சரி, வந்தா நான் வந்துட்டுப் போனேன்னு சொல்லு” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

தம்பி வீட்டுக் கதவு திறந்திருந்தது. தம்பி மனைவி அவரைப் பார்த்ததும் திடுக்கிட்டாள். ஆனால் போ என்று சொல்லவில்லை. முந்தானையால் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, “உக்காருங்க மாமா. ரொம்ப இளைச்சுட்டீங்க” என்றாள். யாராவது தன்னைப் பார்த்து அப்படிச் சொல்லி எவ்வளவு காலமாகிவிட்டது! தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

கொல்லையிலிருந்து வந்த தம்பி உட்காரவில்லை.

“எதுக்கு வந்தே?”

“கேஸ்ல திரும்பச் சேர முடியுமான்னு கேக்கத்தான் வந்தேன். முடியாதுன்னா சொல்லிடு, எழுந்து போயிடறேன்.”

“கேஸாம் கேஸு! மொத ஆளா நீ கையெழுத்துப் போட்டே. எங்கள எல்லாம் போடவச்சே. அப்புறம் நீ மட்டும் பல்டி அடிச்சு நல்ல பேர் வாங்கிக்கிட்டே. இப்ப என்ன, ஆள் பத்தலியா?”

“யாருடா மொத ஆளு?”

“நீதான்.”

“நான் கையெழுத்தே போடலியேடா!”

“பொய் சொல்லாதேண்ணா. அந்த ஆபீசர் இதே நாற்காலியில உக்காந்து சொன்னாரு. ‘உங்க அண்ணனே காலையில போட்டுட்டாரு. அவருக்கு இல்லாத அக்கறையா உனக்கு?’ன்னாரு. நீ போட்டதுக்கப்புறம் நான் என்ன யோசிக்கிறது? அப்பா போனதிலருந்து நீ கை காட்டின பக்கம்தானே நான் போயிருக்கேன்?”

கேஸ்காரர் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தார்.

“காலையில எங்கிட்ட வந்தாங்க, வாஸ்தவம். வந்து என்ன சொன்னாங்க தெரியுமா? ‘உன் தம்பி போட்டாச்சு, நீ மட்டும் ஏன் வீம்பு பண்றே?’ன்னாங்க. நான் போடல. ஆனா அந்தப் பேச்சை நம்பினேன். நம்பினதாலதான் உன் வாசப்படியையே மிதிக்கல.”

“காலையிலயா? எங்கிட்ட சாயங்காலம்தானே வந்தாங்க…” தம்பியின் குரல் கீழே இறங்கிக்கொண்டே போனது. மெதுவாகத் தரையில் உட்கார்ந்தான். “அப்ப அண்ணி… குழாயடியில அத்தனை பேரும் அண்ணியை…”

“அதைப் பேசாதே” என்றார் அண்ணன்.

முதலில் சுதாரித்தவள் தம்பி மனைவிதான்.

“அப்ப எதிர்வீட்டு அக்காகிட்ட யார் பேரைச் சொன்னாங்களோ?” என்றவள் செருப்பைக்கூடப் போடாமல் தெருவில் இறங்கினாள்.

எதிர்வீட்டில் சொன்னது தம்பியின் பேரை. அடுத்த வீட்டில் எதிர்வீட்டுக்காரியின் பேரை. மூலை வீட்டு மாமாவிடம், “தெருவே போட்டாச்சு, நீங்க ஒருத்தர்தான் பாக்கி” என்றிருக்கிறார்கள். “எங்கிட்டயும் அதையேதான் சொன்னாங்க!” என்று டிவி பார்க்கும் சிநேகிதன், தான் வீட்டில் இல்லை என்பதையே மறந்து வெளியே ஓடிவந்தான். கேட்கக் கேட்க விஷயம் விளங்கியது. அதிகாரிகள் கணக்கில் எல்லா வீடுமே கடைசி வீடு. சனமே நம்மை விட்டுவிட்டுப் போய்விட்டது, இனி நாம் ஒருவர் நின்று என்ன ஆகப்போகிறது என்று மனம் விட்டுப்போய்த்தான் ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். போட்ட பிறகு வெட்கத்தில் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. சுவருக்குச் சுவர் ஒட்டிய வீடுகளில், இத்தனை காலமும் ஆளுக்கொரு தீவாக இருந்திருக்கிறார்கள்.

அதற்காக எல்லோரும் கிளம்பிவிடவில்லை. “இருக்கிற வீட்டையும் பிடுங்கிக்கிட்டா எங்கே போறது?” என்று பாதிப் பேர் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அவர்களைக் கேஸ்காரர் குறை சொல்லவில்லை. பயம் என்னவென்று அவருக்குத் தெரியாதா?

விசாரணை அன்று சாட்சிக் கூண்டில் தம்பி ஏறினான். அவனுக்குப் பின்னால் பெஞ்சு நிறைய மலைச்சனம் உட்கார்ந்திருந்தது. அரசாங்க வக்கீல் பத்திரத்தைத் தூக்கிக் காட்டினார்.

“இது உங்க கையெழுத்துத்தானே?”

“என்னோடதுதாங்க.”

“யாராவது அடிச்சு மிரட்டி வாங்கினாங்களா?”

“இல்லீங்க. எங்க அண்ணன் போட்டுட்டார்னு சொல்லி வாங்கினாங்க. அவர் போடவே இல்ல. அடிச்சிருந்தாக்கூட நான் போட்டிருக்க மாட்டேனுங்க.”

ஒருவர் பின் ஒருவராக ஏறி, யார் பேரைச் சொல்லித் தங்களிடம் கையெழுத்து வாங்கினார்கள் என்று சொன்னார்கள். பிறகு வக்கீலம்மா எழுந்தார்.

“சமூகத்தின் உரிமையை ஒரு தனி ஆள் கேட்க முடியாது என்றார் அரசுத் தரப்பு வக்கீல். ஒப்புக்கொள்கிறேன். அப்படியென்றால் அதே உரிமையை ஒரு தனி ஆள் விட்டுக்கொடுக்கவும் முடியாது. ஆனால் இந்தச் சம்மதம் மொத்தமும் தனித்தனி ஆட்களிடம், ஒருவருக்கு ஒருவர் தெரியாமல் வாங்கியது. கூட்டத்தைக் கூட்டிக் கேட்டதாக ஒரு இடத்திலாவது அரசு சொல்கிறதா?”

அரசாங்க வக்கீல் காகிதங்களைப் புரட்டினார். புரட்டிக்கொண்டே இருந்தார்.

வாங்கிய சம்மதங்கள் செல்லாது என்று நீதிபதி தீர்ப்புச் சொன்னார். மலைச்சனம் முழுவதையும் ஒரே இடத்தில் கூட்டி, கோர்ட் அனுப்பும் ஆள் முன்னிலையில், உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டுத்தான் சம்மதம் கேட்க வேண்டும். அதுவரை மலையில் ஒரு கல்லைக்கூடத் தொடக்கூடாது. எல்லோரும் மலைக்குத் திரும்பலாம் என்று ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கூட்டத்தில் சனம் என்ன சொல்லும் என்பதும் யாருக்கும் தெரியாது. ஆனாலும் வெளியே வந்தபோது, வழக்குப் போட்ட நாளுக்குப் பிறகு முதல் தடவையாக எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

கேஸ்காரர் மட்டும் கூட்டத்திலிருந்து நழுவி, கோர்ட் படிக்கட்டின் ஓரத்தில் போய் உட்கார்ந்தார். இந்தச் சேதியைச் சொல்ல வேண்டிய ஆள் இல்லை. ஊரே தங்களை வெறுத்துவிட்டது என்ற நினைப்போடுதான் அவர் மனைவி கண்ணை மூடினாள். அந்த வெறுப்புக்கு ஒரு பொய்தான் காரணம் என்று இனி யார் போய் அவளிடம் சொல்வது?

தம்பி வந்து ஒரு படி கீழே உட்கார்ந்தான். அழுது அழுது அவன் கண் சிவந்திருந்தது.

“என்னை மன்னிச்சிடுண்ணா. ஒரு வார்த்தை உங்கிட்டக் கேக்காம போட்டுட்டேன்.”

“நான் மட்டும் என்ன? ஏண்டா போட்டேன்னு உங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டேனா? கேட்டிருந்தா அன்னிக்கே வெளிச்சமாயிருக்கும். அவளும் மனசு உடைஞ்சு போயிருக்க மாட்டா.” தம்பியின் தோளைப் பிடித்து எழுந்தார். சற்றுத் தள்ளி நின்றவர்களும் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுக்கும் கேட்கும்படியாகவே சொன்னார்:

“நம்ம உரிமையைச் சட்டம் பறிக்கல. நம்மள ஒவ்வொருத்தரா தனியாக்கித்தான் பறிச்சாங்க. ஒருத்தருக்கொருத்தர் பேசாம இருந்து அதுக்கு நாமளும் ஒத்தாசை பண்ணிட்டோம். இனிமே எவன் வந்து எதுல கையெழுத்துக் கேட்டாலும், பேனாவைத் தொடறதுக்கு முந்தி பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்க. கோவமா இருந்தாலும் தட்டுங்க. எல்லாரும் சேந்து உக்காந்து பேசாத சம்மதம், சம்மதமே இல்ல.”