காலி என்று கழித்தவை

தங்கையின் கல்யாணத்தை முடித்துக்கொண்டு, ஒரு கூடை தோதோல் இனிப்போடு சொந்த ஊரான காருட்டிலிருந்து திரும்பிய நெந்தென் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். எதற்கென்று அவளுக்கு விளங்கவில்லை. சுவரிலிருந்த பெரிய திரையில் அவள் பெயர் மின்னிக்கொண்டிருந்தது. அவள் எழுதிய நிரல் இப்போது முன்னைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவான நினைவகத்தில் ஓடுகிறதாம்.

அதற்கு வழியே இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

பாண்டுங் நகரத்திலிருந்த அந்தச் சிறிய நிறுவனம் ஒரே ஒரு ஆவணத்தை நம்பிப் பிழைத்தது. மாகாணத்தின் சுகாதார நிலையங்கள் எல்லாம் பார்க்கப்போகும் மருந்துக் களஞ்சியம் அது. மருந்துக்குள் வகை, வகைக்குள் வயது, வயதுக்குள் அளவு, எச்சரிக்கை என்று கிளைக்குள் கிளையாக விரியும் எக்ஸ்எம்எல் கோப்பு. கணினி வட்டில் கிடக்கும்வரை சாதுவாக இருக்கும். நினைவகத்தில் ஏற்றினாலோ ஊதிப் பெருத்துவிடும். கிளையின் ஒவ்வொரு முனையும் தன் தாய் எங்கே, பிள்ளை எங்கே, அடுத்தது எங்கே என்று முகவரிகளைச் சுமந்துகொண்டு உட்காரும். சரக்கைவிட முகவரிதான் அதிகம். சுகாதார நிலையங்களின் பழைய கணினிகள் அதிலேயே மூச்சுத் திணறி நின்றுபோகும்.

நெந்தென் அந்த முகவரிகளைத் தூக்கி எறிந்தாள். அந்தக் கிளை மரத்தின் உருவத்தை வெறும் அடைப்புக்குறிகளாக எழுதினாள். முனை தொடங்கினால் ஒரு திறப்பு, முடிந்தால் ஒரு மூடல், ஒவ்வொன்றுக்கும் ஒரே பிட். எந்தத் திறப்புக்கு எந்த மூடல் என்று சட்டென்று தாவிப் பிடிக்க, மேலே ஒரு சின்ன அட்டவணை. திரும்பத் திரும்ப வரும் பெயர்களை ஒரே ஒரு தடவை வைத்தாள். கோப்பில் ஒரு புள்ளிகூடக் குறையவில்லை. கேட்டால் அப்படியே திருப்பித் தரும். அதற்குமேல் அதில் பிழிய எதுவும் இல்லை.

அவள் நேராகத் தன் குழுவிலிருந்த ஜாஜாங்கிடம் போனாள்.

"என்னடா பண்ணி வெச்சிருக்க?"

"தேஹ், கோவப்படாதீங்கக்கா. நம்ம மேனேஜர் ஹெர்மாவான் பாக், இது சின்ன டேப்லட்லயும் ஓடும்னு சுகாதாரத் துறைகிட்ட வாக்கு குடுத்துட்டாரு. நீங்களும் ஊர்ல இல்ல. அதான், காலியா கிடந்த முனைகள மட்டும் ஏத்தாம விட்டேன்."

"காலியா?"

"உள்ள எழுத்தே இல்லையே தேஹ். திறந்ததும் மூடிக்குது. வெறும் பேரு மட்டும்தான். நீங்களும்தானே எல்லாத்தையும் சுருக்கினீங்க?"

"நான் மடிச்சேன்டா, நீ வெட்டியிருக்க. சட்டைய மடிச்சுப் பெட்டில வெக்கறதும், இடம் பத்தலன்னு கைய வெட்டிட்டு வெக்கறதும் ஒண்ணா?"

ஜாஜாங் சிரிக்கப் பார்த்தான். அவள் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டான்.

அவள் கோடீன் என்ற வலி மருந்தின் பக்கத்தைத் திரையில் திறந்தாள். சிறு குழந்தைகளுக்கான இடத்தில் 'கூடாது' என்று ஒரு முனை இருக்க வேண்டும். அதற்குள் எழுத்து எதுவும் இருக்காது. அந்த முனை அங்கே இருப்பதே தடை. இப்போது அந்த இடம் துடைத்துவிட்டதுபோல் சுத்தமாக இருந்தது. கர்ப்பிணிக்கு ஆகாத மருந்துகளைத் தேடினாள். அங்கேயும் அப்படித்தான். இவ்வளவும் அவள் பெயரைப் போட்டு.

ஹெர்மாவான் தன் அறையில் பாத்திக் சட்டையின் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தார். சுகாதாரத் துறையின் மருந்தாளுநர் லஸ்த்ரி களஞ்சியத்தைப் பார்வையிட வந்துகொண்டிருந்தார்.

"பாக், இதைக் காட்டக் கூடாது. எச்சரிக்கையெல்லாம் போயிடுச்சு."

"அடுத்த பதிப்புல சேத்துக்கலாம். இன்னிக்கு வேகத்தையும் அளவையும் மட்டும்தான் காட்டப்போறோம். ஒரு காலி டப்பாவுக்கு இவ்வளவு ரகளையா? ஊரே உன்னப் பாராட்டுது, சிரிச்ச முகமா இரும்மா."

"அப்ப என் பேர எடுத்துடுங்க."

"குழுன்னா எல்லாரும் ஒண்ணுதான்," என்று அவர் அவள் தோளைத் தட்டிவிட்டு வெளியே போனார். அந்தத் தட்டலில்தான் அவளுக்கு எல்லாம் கொதித்தது.

கூட்டத்தில் அவர் அவளையே முன்னால் நிறுத்தினார். "இபு லஸ்த்ரி, இதச் செஞ்ச கெட்டிக்காரி இவங்கதான்."

"நான் இதச் செய்யல," என்றாள் நெந்தென். குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. "நான் செஞ்சதுல ஒரு பங்க வெட்டிட்டு என் பேர ஒட்டியிருக்காங்க. இபு, கோடீன் போட்டுப் பாருங்க. குழந்தைங்க பக்கம்."

லஸ்த்ரி டேப்லட்டைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். மேலும் கீழும் தள்ளினார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இங்க தடை இருக்கணுமே?"

"அது வெறும் காட்சிப் பிரச்சனை இபு, ஒரு நிமிஷத்துல..." என்று தொடங்கினார் ஹெர்மாவான்.

"காட்சியா? மலைக்கு மேல ஒரு நர்ஸம்மா தனியா இருக்கா. அவளுக்கு இந்தத் திரைதான் எல்லாம். இதுல தடை இல்லன்னா, தடையே இல்லன்னு நெனச்சுக் குடுப்பா. குழந்தை மூச்சு நின்னா நீங்க வந்து காட்சிய சரி பண்ணுவீங்களா?"

ஜாஜாங் தலையைக் குனிந்தபடி, "வெட்டினது நான்தான் இபு," என்றான். யார் வெட்டச் சொன்னது என்று லஸ்த்ரி கேட்கவில்லை; ஹெர்மாவானைத்தான் பார்த்தார்.

டேப்லட் பேச்சு அத்தோடு நின்றுபோனது. பழைய கணினிகளிலேயே, நெந்தென் எழுதியபடியே களஞ்சியம் ஏறியது. ஏற்றியதை மறுபடி கோப்பாக எழுதி, மூலத்தோடு ஒப்பிட்டு, ஒரு எழுத்து மாறினாலும் ஓட மறுக்கும் சோதனை ஒன்றை ஜாஜாங் தானாகவே எழுதிச் சேர்த்தான். நெந்தெனை வேறு வேலைக்கு மாற்றினார்கள். வாடிக்கையாளர் முன்னால் நிறுவனத்தைத் தலைகுனிய வைத்தாளாம். பிறகு ஹெர்மாவானிடமிருந்து எல்லோருக்கும் ஒரு அறிவிப்பு வந்தது: 'புதிய வசதி: மருந்து எச்சரிக்கைகள் சேர்க்கப்பட்டுள்ளன.'

மதியம், காய்களைக் கடலைச் சட்னியில் பிசைந்து தரும் தெருவோர லோத்தெக் கடையில் ஜாஜாங் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "விடுங்க தேஹ். எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுல்ல."

"நல்லபடியா முடியலடா. தப்பு தற்செயலா கண்ணுல பட்டுச்சு, அவ்வளவுதான்," என்றாள் நெந்தென். கடைக்காரம்மாவிடம் இன்னும் இரண்டு மிளகாய் வைத்து இடிக்கச் சொன்னாள்.