ஈ மொய்த்த கல்முளையான்

1968 அக்டோபர் 14. நான் வளர்த்த கல்முளையான் செடியைப் பக்கத்து வீட்டார் துவையல் அரைத்து உண்டுவிட்டனர் என்பதே என் குறை.

திருநின்றவூர் ஏரிக்கரை முட்புதரிலிருந்து நான் கொணர்ந்த சதைப்பற்றுச் செடி அது. அதன் பூ அழுகல் நாற்றம் வீசும். அதை நாடி வரும் ஈக்களே மகரந்தம் சுமந்து காய் பிடிக்கச் செய்யும். என் செடியோ பூத்தும் காய்த்ததில்லை. ஆகவே ஈக்களை வரவழைக்க அதனருகில் மீன்குடலை வைத்தேன்.

மண்ணூர்பேட்டையில் லேத்து வேலை பார்க்கும் கன்னியப்பன் வேலிக்கு அப்பாலிருந்து கேட்டான்: "ஊரே ஈ ஓட்டுது, நீங்க இன்னா வாத்தியாரே ஈ வளக்கிறீங்க?"

நேற்று ஈக்கள் பூக்களை மொய்த்தன. அகமகிழ்ந்து உறங்கினேன். இன்று காலை வேர் மட்டுமே எஞ்சியிருந்தது. கன்னியப்பன் மனைவி வடிவு கிண்ணத்துடன் வந்தாள்.

"ஈ மொய்ச்சிகினு கீது, அழுகிப்பூடும்னு நான்தான் அறுத்தேன் சார். உங்களுக்கும் தொவையல் எடுத்தாந்தேன்."

"இனிமேல்தான் காய் பிடித்திருக்கும், அம்மா."

"காயை யாரு சார் துன்னுவா? தண்டுதான் ருசி."

வாசகரே, உம் வேலியோரம் கல்முளையான் இருந்தால் வேண்டிய மட்டும் அறுத்து உண்ணும். ஈ மொய்க்கும் கிளையை மட்டும் தொடாதீர். அது காய்த்தால் எனக்குச் சொல்லி அனுப்பும்.