முடிவு தெரியாத ஒரே ஆள்

நாடகக் குழுவின் இயக்குனரை எல்லோரும் ‘சத்தம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். மனிதர் ரகசியம் சொன்னாலே பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும். அன்று மாலை அவருக்கே நாக்கு ஒட்டிக்கொண்டது. அரசுக் கலைத்துறையிலிருந்து ஓர் அம்மா நாடகம் பார்க்க வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் நல்லபடியாக எழுதிக் கொடுத்தால்தான் இந்த வருடமும் அரசு உதவி வரும். இல்லையென்றால் கூடத்தைக் காலி செய்துவிட்டு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

காலி நாற்காலிகளைக் காட்டியா உதவி கேட்பது? மனைவி, மச்சான், சித்தி, சம்பந்தி வீட்டார் என்று சத்தம் ஒருவரை விடாமல் திரட்டி வந்து கூடத்தை நிரப்பியிருந்தார். முன்பின் தெரியாதவர்கள் மாதிரி உட்காருங்கள் என்று கெஞ்சியும் இருந்தார். அத்தனை பேரும் ஒத்திகை தவறாமல் வந்தவர்கள் என்பதைத்தான் யோசிக்கவில்லை, பாவம்.

வீட்டை விட்டுப் போன மகளுக்குக் கதவைத் திறக்க மறுக்கும் அப்பாவின் கதை அது. அப்பா வேடிக்கை வசனத்துக்கு வாயைத் திறப்பதற்கு முன்பே மச்சான் விழுந்து விழுந்து சிரித்தார். மகள் மேடைக்கு வருமுன்னே சித்தி மூக்கைச் சிந்தினாள். போதாக்குறைக்கு, மகளாக நடித்தவள் ஒரு வரியை மறந்து விழிக்க, கூடமே ஒரே குரலில் எடுத்துக் கொடுத்தது.

அதிகாரியம்மா மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். சத்தத்துக்கு மானம் கப்பலேறிவிட்டது. விளக்கைப் போடச் சொல்லிவிட்டு அந்த அம்மாவின் முன்னால் வந்து நின்றார்.

“மன்னிச்சுக்குங்கம்மா. இவங்க எல்லாரும் என் சொந்தக்காரங்க. கூட்டம் வராதோன்னு பயந்து நான்தான் கூட்டிட்டு வந்தேன்.”

“அது அப்பவே தெரிஞ்சுதுங்க. போற எடத்துல எல்லாம் சொந்தக்காரங்கதான் உக்காந்திருக்காங்க, பாதிப் பேர் தூங்கிட்டு. வசனம் எடுத்துக் குடுக்கறவங்களை இங்கதான் பாக்கறேன். அதுக்கு ஏன் நிறுத்தினீங்க? அப்பா கதவைத் திறக்கறாரா இல்லையா?”

“அவரு என்ன பண்றாருன்னா...” என்று சித்தி ஆரம்பித்தாள்.

“சொல்லிடாதீங்கம்மா. நான் பாக்கணும். பாத்துட்டுதான் எழுதணும்.”

சித்தி வாயைப் பொத்திக்கொண்டாள். கதை தெரியாத ஒருவருக்காக நாடகம் போட்டு எவ்வளவு காலமாயிற்று என்று சத்தத்துக்கே நினைவில்லை. திரைக்குப் பின்னால் போனார். அப்பாவும் மகளும் அழாத குறையாக நின்றிருந்தார்கள்.

“எல்லாம் போச்சாண்ணே?” என்றாள் மகளாக நடித்தவள்.

“விட்ட எடத்துலேர்ந்து ஆரம்பிங்க. அந்தம்மாவுக்கு முடிவு தெரியாது,” என்றார் சத்தம்.

அவர் அவ்வளவு மெல்லப் பேசி அவர்கள் கேட்டதே இல்லை.