சொன்னால் காலி செய்கிறவர்கள்

வீட்டை விற்கப் போகிறேன் என்று சொல்ல மெஹந்திரத்தா நேரில் வரவில்லை. வேதாந்தத்தை அனுப்பினார். மதராஸியிடம் மதராஸியை விட்டுப் பேசினால் மலிவாக முடியும் என்பது டில்லி கரோல் பாக் வீட்டுக்காரர்களின் பழைய கணக்கு.

வேதாந்தம் ஓய்வுபெற்ற அண்டர் செக்ரட்டரி. அந்தத் தெருக்களில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களுக்கு வீடு பிடித்துக் கொடுத்தவர். ராஜவேலுக்கும் அவர்தான் பிடித்துக் கொடுத்தார். "எங்க மனுஷா, சொன்னா மறு மாசம் காலி பண்ணிடுவா" என்று ஒவ்வொரு பஞ்சாபியிடமும் வாக்குக் கொடுப்பார். வாக்கு அவருடையது, மூட்டை கட்டுவது மற்றவர்கள். அவர் மட்டும் மயூர் விஹாரில் சொந்த ஃபிளாட்டில் இருந்தார்.

ராஜவேல் கதவைத் திறந்துவிட்டு நின்றான். மனைவி பூங்கோதை மஞ்சள் காமாலையில் போன பிறகு, வருகிறவர்களை வாருங்கள் என்று சொல்லும் பழக்கம் அவனிடமிருந்து போயிருந்தது. வேதாந்தம் தானாகவே உட்கார்ந்துகொண்டார்.

"வாங்கறவன் ஞாயித்துக்கிழமை பார்க்க வரான். நீ காத்தால ஐ.என்.ஏ. மார்க்கெட் பக்கம் போயிட்டு மெதுவா வா. மெஹந்திரத்தாகிட்ட ஒரு சாவி இருக்காம்."

"என் சாமானெல்லாம் இருக்கே சார்."

"மதராஸி ஊரோட போயிட்டான், சாமானை எடுக்க ஆள் வரும்னு வாங்கறவன்கிட்ட அவர் சொல்லிப்பார். அப்புறம் நீ நிதானமா ஒரு ரூம் பார்த்துண்டு கிளம்பு."

"விக்கணும்னா விக்கட்டும். வாங்குறவருக்கு வாடகை கொடுக்கேன். வீடு வித்தா வீட்டுக்காரர்தான சார் மாறணும், நான் எதுக்கு மாறணும்? இந்த வாடகைக்கு ரென்ட் கன்ட்ரோல் உண்டு."

"ஓ, சட்டமா? ரசீது வெச்சிருக்கியோ? அவர் ஒருத்தருக்கும் கொடுக்கமாட்டாரே."

"செக்கால்ல கொடுத்திருக்கேன்."

வேதாந்தம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குரல் கனிந்தது. கனிந்த குரல்தான் அவரிடம் பயப்பட வேண்டியது.

"ராஜவேல், அவர் ஃபேமிலிக்குன்னு கொடுத்த வீடு இது. சட்டத்தை விடு. ஊர் வழக்கப்படி நீ இப்போ பேச்சலர். உனக்கு எதுக்கு ரெண்டு ரூம்? நமக்குன்னு இங்கே ஒரு பேர் இருக்கு. அதைக் கெடுத்தா நாளைக்கு நம்ம பசங்களுக்கு யார் வீடு கொடுப்பா?"

பேச்சலர். மனைவி செத்தால் புருஷனுக்குப் பதவியிறக்கம். செக்ரடேரியட்டில் ஆயுள் முழுக்க ஃபைல் தள்ளியவருக்கு அது இயல்பாகவே பட்டது போலும். இந்தப் பேரைக் காப்பாற்றத்தான் இத்தனை குடும்பங்கள் வாயைத் திறக்காமல் டெம்போ பிடித்திருக்கின்றன என்று நினைத்தபோது ராஜவேலுக்குக் கோபம் வரவில்லை. அருவருப்புதான் வந்தது.

இரண்டு ரூம் எதற்கு என்பது அவனுக்கும் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். உள் அறையில் சுவரோடு பதித்த மர அலமாரியில் பூங்கோதையின் புடவைகள் இருந்தன. அவள் மடித்து வைத்தபடியே இருந்தன. காலி செய்வதென்றால் அதைத் திறக்க வேண்டும். ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியில் போட வேண்டும். அது அவனால் ஆகாது. எப்போது ஆகும் என்றும் சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமை அவன் மார்க்கெட்டுக்குப் போகவில்லை. லுங்கியைக் கட்டிக்கொண்டு சமையலறையில் சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருந்தான். வெளியே சாவி திரும்பியது.

மெஹந்திரத்தா முதலில் வந்தார். பின்னால் பெருத்த உடம்போடு மூச்சு வாங்கிக்கொண்டு ஒருவர். அஜ்மல் கான் ரோடில் துணிக்கடை வைத்திருக்கும் குல்ஷன் லால். கடைசியில் வேதாந்தம்; ராஜவேலைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

குல்ஷன் லால் மூக்கை உறிஞ்சினார். "அரே, மதராஸி போயிட்டான்னீங்க. பெருங்காயம் இன்னும் போகலையே?" என்றார் ஹிந்தியில்.

"அவன்தான் ஜி. சாமான் எடுக்க வந்திருக்கான்" என்றார் மெஹந்திரத்தா, கண் இமைக்காமல். "பெண்டாட்டி செத்துட்டா, பாவம். மனசு விட்டுப்போச்சு. ஊருக்கே கிளம்பறான். வாங்க, உள்ளே அலமாரியைப் பாருங்க. அசல் தேக்கு."

அவர் உள் அறைக்குள் போய் அலமாரியின் பிடியில் கை வைத்தார். கதவு ஒரு விரல் அளவு திறந்தது.

"கையை எடுங்க" என்றான் ராஜவேல். அவன் ஹிந்தி அலுவலக ஹிந்தி. அதில் மரியாதை குறையாது. "தேக்கு உங்களது. உள்ளே இருக்கிறது என்னுடையது."

மெஹந்திரத்தாவின் கை பிடியிலிருந்து இறங்கியது. ராஜவேல் குல்ஷன் லாலின் பக்கம் திரும்பினான். "நான் இங்கே குடியிருக்கிறேன் ஜி. ஊருக்குப் போகவில்லை. நீங்கள் வாங்கினால் உங்களுக்கு வாடகை தருவேன். உட்காருங்கள், காப்பி கொண்டுவருகிறேன்."

அவன் காப்பியோடு வந்தபோது குல்ஷன் லால் டம்ளரைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். பிறகு தொந்தி குலுங்கச் சிரித்தார்.

"மெஹந்திரத்தா ஜி, இந்தக் காப்பி எனக்குத் தெரிஞ்ச காப்பி. இப்போ நான் வெச்சிருக்கிற கடையில எங்க அப்பா வாடகைக்கு உட்கார்ந்தாரே, கடையை ஒருத்தர் மாத்தி ஒருத்தர் மூணு பேர் வாங்கினாங்க. மூணு பேரும் வந்து அழுதாங்க. அப்பா ஒவ்வொருத்தருக்கும் டீ வரவழைச்சுக் கொடுத்தார். எழுந்திருக்கலை. நானும் எழுந்திருக்கலை."

"அரே, இவன் மதராஸி ஜி! சொன்னா போயிடுவான். கேளுங்க, வேதாந்த் சாப்கிட்ட கேளுங்க!"

"காப்பி கொடுக்கிறவன் போகமாட்டான் பாய் சாப்." குல்ஷன் லால் ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்தார். "நான் கோடவுனுக்கு இடம் தேடறேன். வீட்டோட மாப்பிள்ளை தேடலை." மாடிப்படி முழுக்க அவர் சிரிப்புக் கேட்டது.

மெஹந்திரத்தா பஞ்சாபியில் ஏதோ திட்டிவிட்டு அவர் பின்னால் ஓடினார். சாவி கதவிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. ராஜவேல் அதை உருவி லுங்கி மடிப்பில் செருகிக்கொண்டான்.

"என் பேரை அழிச்சுட்டியேடா" என்றார் வேதாந்தம்.

"உங்க பேரா சார்? நம்ம பேருன்னுல்ல அன்னைக்குச் சொன்னீங்க."

மெஹந்திரத்தா தொடாமல் விட்டுப்போன டம்ளர் மேஜையில் இருந்தது. வேதாந்தம் அதைப் பார்த்தார். எடுத்து ஆற்றினார். குடித்தார்.

"டிகாக்ஷன் நன்னாத்தான் இருக்கு" என்றார்.

அவர் போன பிறகு ராஜவேல் சாம்பாரை இறக்கி வைத்தான். உள் அறைக்குப் போனான். அலமாரிக் கதவு அந்த ஒரு விரல் அளவில் அப்படியே நின்றது. பச்சையாக ஏதோ ஒரு முந்தானை தெரிந்தது. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, உள்ளங்கையால் கதவை அழுத்திச் சாத்தினான்.