ஸம்றாவின் இடது கை

ஆறு வருடம் ஆகிறது. அந்த நாட்கள் கஷ்டமானவைதான். என்றாலும் அடிக்கடி நினைவுக்கு வருகின்றன.

என் மனைவி ஸம்றா நாலு மாதக் கர்ப்பமாக இருந்தபோது அவளுடைய இடது கை தன்பாட்டுக்கு ஆடத் தொடங்கியது. தேத்தண்ணி தந்தால் பாதி நான் உடுத்திருக்கும் சாரனில் கொட்டும்.

"குடிக்கத் தாறியா, குளிக்கத் தாறியா?" என்பேன்.

சிரிப்பாள். முகமும் ஒரு பக்கம் இழுபடும். உறங்கினால்தான் அந்தக் கை அடங்கும். நான் அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவன். அவள் விழித்திருக்கையில் என்னாலும் அதைப் பிடித்து நிறுத்த முடியவில்லை.

எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய்க் குடியிருப்பது. இரண்டு வருடம் அங்கே சாப்பிட்டும் மாமி கமீலா என்னோடு நேரே கதைத்ததில்லை. மருமகனோடு கதைப்பது அவருக்கு மரியாதைக் குறைவு. கறி காணுமா, இன்னும் வேண்டுமா என்பதையும் கதவுக்குப் பின்னால் நின்று மகளிடம்தான் கேட்பார்.

ஜின் பார்வை என்றாள் பக்கத்து வீட்டு றுகையா. ஓதிய தண்ணீர் கொடுத்தோம், நூல் கட்டினோம். கால்களும் ஆடத் தொடங்கி, ஸம்றா கிணற்றடியில் விழுந்தாள். அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

"சின்ன வயசில மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா?" டொக்டர் அம்மா கேட்டார். "அது திரும்ப வராம மாசாமாசம் ஊசி போட்டதா? ஒளிக்காமச் சொல்லுங்க. அப்படியெண்டா இந்த ஆட்டமும் அதாலதான், இருதயத்தையும் பாக்கோணும். பிள்ளப்பேறு தாங்குமா எண்டு தெரியோணும்."

ஸம்றா தாயைப் பார்த்தாள். மாமி என்னைப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

எனக்கு முன்னால் சொல்லத் தயங்குகிறார்கள் என்று விளங்கியது. "நான் தண்ணி வாங்கிட்டு வாறன்" என்று எழும்பினேன்.

"இரிங்க தம்பி."

மாமியின் குரல்தான். என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "பதினொரு வயசில வந்த. ரெண்டு வருஷம் ஊசி போட்டம். மாப்பிள கேட்டுப் போகக்குள்ள ஊசிக்காரி எண்டு சொல்லிருவாங்க எண்டு நான்தான் நிப்பாட்டினன். உங்களுக்கு ஒளிச்சித்தான் இவளத் தந்த."

கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் ஸம்றாவின் கை கட்டில் கம்பியில் டக் டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது.

"எனக்கில்ல மாமி, டொக்டருக்குச் சொல்லுங்க" என்றேன்.

இருதய வால்வில் சின்னக் கசிவு இருந்தது. வார்ட்டிலேயே வைத்துப் பார்த்தார்கள். மகள் பிறந்தாள். மூன்று கிழமைக்குள் கை அடங்கிவிட்டது. நிறுத்திய மாதாந்த ஊசியை டொக்டர் திரும்பத் தொடங்கினார்.

மாமி இப்போது நேரேதான் கதைக்கிறார், தேவைக்கு மேலேயும். மாதத்தில் ஒரு நாள் காலையில் வாசலை மறித்து நிற்பார்.

"ஆலைக்குப் புறகு போங்க தம்பி. முதல்ல அவள ஊசிக்குக் கூட்டிப் போங்க."