வலது தோளில் கன்றல்

எழுந்ததும் லிங்கேஸ்வரன் மோட்டாரைப் போட்டான். பல் தேய்த்தான். வாசலில் கிடந்த பால் பாக்கெட்டை எடுத்து ஃபிரிட்ஜில் வைத்தான். ஃபிரிட்ஜுக்குப் போக, கூடத்தில் அவன் மனைவி முத்துவடிவு கிடந்த ஐஸ் பெட்டியைச் சுற்றிப் போகவேண்டியிருந்தது. தொட்டி நிறைந்ததும் மோட்டாரை நிறுத்தினான்.

நீர்மாலைக் குடங்களில் தண்ணீர் எடுத்து வந்த பிறகு, பின்பக்கம் சேலைகளை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு பெண்கள் அவளைக் குளிப்பாட்டினார்கள். பாதியில் பேச்சு நின்றது. மாமியார் ஆனந்தவள்ளி ஈரக்கையோடு வந்து தன் தம்பி ஆவுடைநாயகத்தைத் தனியே கூப்பிட்டாள். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். கேட்டுவிட்டு நேராக லிங்கேஸ்வரனிடம் வந்தார்.

"பிள்ளைக்கு வலது தோளு கருநீலமா கன்னிப்போய்க் கிடக்காம். என்ன அடி வே அது?"

துப்பாக்கி உதைத்தது என்றான். முத்துவடிவு மத்திய போலீஸில் இருந்தாள். லீவில் வருவதற்கு முன் எல்.எம்.ஜி. பயிற்சி கொடுத்தார்கள். இயந்திரத் துப்பாக்கி. அதன் பின்கட்டையைத் தோளோடு இறுக்கிப் பிடிக்காவிட்டால் ஒவ்வொரு குண்டுக்கும் பின்னால் வந்து இடிக்கும்.

"பொம்பளப் பிள்ளைக்கு எவன் எல்.எம்.ஜி. குடுக்கான்? அவ ஆபீஸ்ல டைப் அடிக்கான்னு அக்கா சொல்லுதா. சர்வீஸ் பாத்தவன்ட்ட கதை விடுதீரு."

டைப் அடிப்பதாகச் சொன்னது முத்துவடிவுதான். அம்மா பயப்படுவாள் என்று. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாகத் தென்காசி ஆஸ்பத்திரியில் சொன்னதையும் ஆவுடைநாயகம் ஏற்கவில்லை. தலையிலும் அடித்திருப்பான் என்றார். போலீஸ் வராமல் பாடையைத் தூக்க விடமாட்டேன் என்று வாசலை மறித்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

லிங்கேஸ்வரன் அவளோடு வேலை பார்க்கும் நிர்மலாதேவிக்குப் போன் செய்தான். ஸ்விட்ச் ஆஃப். சுடுகிற ரேஞ்சுக்குப் போனால் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால்தான் முத்துவடிவிடம் பயிற்சியில் எடுத்த ஒரு போட்டோகூட இல்லை. அதையும் சொன்னான். எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து சொன்னான். ஆவுடைநாயகம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாரலில் நனைந்த சிமெண்டுத் தரையில் அவன் குப்புறப் படுத்தான். வலது தோளை முன்னால் கொடுத்தான். இடது கையை இல்லாத கட்டையின் மேல் போட்டுத் தோளை நோக்கி இழுத்தான். கன்னத்தைச் சாய்த்தான். விடாமல் சுட்டால் முனை மேலே தூக்கிவிடும், இரண்டு இரண்டாகத்தான் சுடவேண்டும் என்று அவள் சொன்னதைச் சொன்னான். பந்தலில் யாரோ சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

ஆவுடைநாயகம் குனிந்து பார்த்தார்.

"காலை இன்னும் அகட்டும், மாப்ள. உடம்பு கட்டைக்கு நேர் பின்னால வரணும். இப்பிடிப் படுத்தா உதைக்கத்தான் செய்யும்."

சொல்லிவிட்டு எழுந்து, நாற்காலியை ஓரமாக எடுத்துப் போட்டார்.

தூக்கும்போது ஆனந்தவள்ளி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். கடைசியாக என் பிள்ளை என்ன சொன்னாள் என்று கேட்டாள். தண்ணீர் கேட்டாள் என்றான்.

அவள் தண்ணீர் கேட்கவில்லை. லீவு முடிந்து போனதும் மறுபடி சுட்டுக் காட்டவேண்டும் என்று, நேற்றுக் காலை கூடத்தில் பாயை விரித்துக் குப்புறப் படுத்திருந்தாள். தோளில் தலையணை. எதிரே உட்கார்ந்து அவன் தள்ளவேண்டும், அவள் அசையாமல் தாங்கவேண்டும். கன்றிய இடமென்று அவன் மெதுவாகத் தள்ளினான். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த தடவை ஓங்கித் தள்ளினான். அதற்குப் பிறகுதான் தலையைப் பிடித்துக்கொண்டாள். அதனால் இருக்குமா என்று டாக்டரிடம் இரண்டு முறை கேட்டுவிட்டான். இல்லை என்றார்.

அவள் சொன்னது இதுதான்.

"நல்லா ஓங்கித் தள்ளுங்க. அது என்ன பாவம் பாத்தா உதைக்கும்?"