பொன்னாத்தாள் டீச்சருக்குப் பாராட்டு விழா

1

இந்தக் கதை வயிற்றெரிச்சலில் பிறந்தது. காந்திபுரத்தில் ஒரு டீக்கடையில் நண்பர் கேட்டார்: "நீங்க படிச்ச எய்டட் ஸ்கூல்ல ஒரு எஸ்.சி. ஹெட்மாஸ்டர் பேரச் சொல்லுங்க பாக்கலாம்." யோசித்தேன். நான் படித்த பள்ளி, என் மனைவி படித்த பள்ளி, தம்பி படித்த பள்ளி, எதிலும் ஒருவர்கூட இல்லை. வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

முதல் வரி: 'பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கிணத்துக்கடவுத் தென்னந்தோப்புகளைத் தழுவி...'

தழுவி என்ன? அடித்துவிட்டேன். கோபத்தில் இருக்கிறவனுக்குத் தென்னந்தோப்பு எதற்கு?

மறுபடியும்: 'பொன்னாத்தாள் டீச்சருக்குத் தலைமையாசிரியர் பதவி வேண்டும்.' இது இருக்கட்டும். கதையே இவ்வளவுதான்.

2

வருடம் 1996. கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளி. சம்பளம் கொடுப்பது அரசாங்கம், நிர்வாகம் பொங்கியண்ணன் குடும்பம். அவர்தான் தாளாளர். பொன்னாத்தாள் அங்கே எல்லோருக்கும் மூத்த ஆசிரியை, காலனியிலிருந்து படித்து வேலைக்கு வந்த முதல் ஆள். பழைய தலைமையாசிரியர் ஓய்வு பெற்றதிலிருந்து அவருடைய வேலை முழுவதையும் பொன்னாத்தாள்தான் பார்க்கிறார். பதவி மட்டும் 'தலைமையாசிரியர் (பொறுப்பு)'. வருடக்கணக்காகப் பொறுப்பு.

(ஒரு மனுஷியை அடைப்புக்குறிக்குள் உட்காரவைத்து வேலை வாங்கியிருக்கிறார்கள். நானும் இதை அடைப்புக்குறிக்குள்தான் எழுதுகிறேன், பாருங்கள்.)

அப்போது ஓர் அரசாணை வந்தது. உதவி பெறும் பள்ளியில் பட்டியல் சாதி ஆசிரியர் மூத்தவராக இருந்தால் அவரைத்தான் தலைமையாசிரியராக்க வேண்டும், 'பொறுப்பு' என்று இழுத்தடிக்கக் கூடாது. அவராக விட்டுக்கொடுத்தால் ஒழிய.*

* இந்த ஆணையைக் கோட்டையில் தேடாதீர்கள். நான் போட்டது. கடைசி வாக்கியத்தையாவது விட்டிருக்கலாமே என்பீர்கள். அப்படி ஒரு சந்து வைக்காமல் ஆணை எழுதினால் நீங்களே நம்பமாட்டீர்கள்.

3

பொங்கியண்ணனை வில்லனாக்கப் பார்த்தேன். முறுக்கு மீசைகூட வைத்தேன். ஒட்டவில்லை. அந்த மனிதர் வாயைத் திறந்தால் தேன் சொட்டுகிறது. பள்ளி வராந்தாவில் அவர் பேசியது இது.

"ஏனுங்க டீச்சர், ஆணை வந்துருச்சுங்க. ரொம்பச் சந்தோசமுங்க."

"எப்பங்க சேர்ந்துக்கறது?"

"சேர்ந்துக்கலாமுங்க, அதுக்கென்னங்க. மாரியம்மன் நோம்பிக்கு நம்ம ஸ்கூல் ஹெட்மாஸ்டர்தானுங்க கோயலுக்குள்ள போயி மொதத் தீர்த்தம் வாங்கோணும். எங்கய்யன் காலத்துப் பழக்கமுங்க. உங்களுக்குத்தான் சங்கடமாப் போயிருமேன்னு பாக்கறனுங்க."

"எனக்கென்னங்க சங்கடம்? குளிச்சுப்போட்டு வாரனுங்க."

பொங்கியண்ணன் சிரித்தார். "நீங்க பெரிய மனசுக்காரருங்க. நம்ம கிருபாசங்கரு சின்னப் பையன். விட்டுக்கொடுத்தீங்கன்னா பொழச்சுப்போவானுங்க."

கிருபாசங்கர் அவருடைய மச்சினன் மகன், அதே பள்ளியில் நேற்று வந்து சேர்ந்த வாத்தியார்.

"முடியாதுங்க" என்றார் பொன்னாத்தாள். மணி அடித்தது. வகுப்புக்குப் போய்விட்டார்.

4

இங்கே பொன்னாத்தாளைப் பற்றி எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. முதல் பிரதியில் அவரைப் பொறுமையின் வடிவமாக எழுதியிருந்தேன். படித்துப் பார்த்தால் எனக்கே குமட்டியது. உண்மையில் அவர் காதைத் திருகுவார். கணக்கு வராத பிள்ளையை எல்லோர் முன்னாலும் திட்டுவார். தன் கையெழுத்தைப் பற்றிக் கொஞ்சம் கர்வம் உண்டு. இப்படிப்பட்டவர் என்றால் உங்கள் அனுதாபம் குறையுமோ? பழைய தலைமையாசிரியர் மத்தியானம் சாப்பிட்டால் சாயங்கால மணிக்குத்தான் எழுவார். அவரிடம் யாராவது நல்லவரா கெட்டவரா என்று கேட்டார்களா? பொன்னாத்தாள் மட்டும் நாற்காலிக்காகத் தெய்வமாக வேண்டுமா? காதைத் திருகட்டும். அப்படியே எழுதுகிறேன்.

5

எங்கள் பக்கத்தில் ஒருவரிடமிருந்து ஒன்றைப் பிடுங்க வேண்டுமென்றால் மேடையேற்றிப் பொன்னாடை போர்த்திவிடுவார்கள். அதற்குப் பிறகு வாயைத் திறந்தால் திறந்தவர்தான் மரியாதை கெட்டவர்.

நீண்ட நாள் சேவைக்கு விழா என்றுதான் பொன்னாத்தாளிடம் சொன்னார்கள். சனிக்கிழமை சாயங்காலம், பள்ளி மைதானம். முன்வரிசையில் கல்வி அதிகாரி. பொங்கியண்ணன் தன் கையாலேயே பொன்னாடை போர்த்திவிட்டு மைக்கில் சொன்னார்: "நம்ம டீச்சர் மனசார ஹெட்மாஸ்டர் பதவிய விட்டுக்கொடுத்துட்டாங்க. இந்தப் பெருந்தன்மை யாருக்குங்க வரும்?" பிறகு மைக்கை டீச்சரிடம் நீட்டினார்.

முடிவு அ: அவர் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தார். (எழுதும்போதே கை கூசியது. கிழித்தாயிற்று.)

முடிவு ஆ: பொன்னாடையை மேடையில் வீசி எறிந்தார். (நீங்கள் 'சபாஷ்' என்பீர்கள், புத்தகத்தை மூடிவிட்டுச் சோறு தின்னப் போவீர்கள். தரமாட்டேன்.)

நடந்தது இதுதான். பொன்னாத்தாள் மைக்கை வாங்கினார்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் எதையும் விட்டுக்கொடுக்கலீங்க. தாளாளர் கேட்டாருங்க, முடியாதுன்னு சொல்லிப்போட்டனுங்க. அந்த வேல எனக்கு வேணுமுங்க."

கூட்டம் கைதட்டியது. சாயங்காலத்திலிருந்து எல்லாப் பேச்சுக்கும் தட்டிக்கொண்டிருந்த கை, இதற்கும் தட்டியது. கல்வி அதிகாரி தட்டினார். பொங்கியண்ணனும் தட்டினார். மைக்கைத் திரும்ப வாங்கி, "டீச்சருக்கு எப்பவுமே தன்னடக்கமுங்க" என்றார். அடுத்தது கோலாட்டம்.

எனக்கு அந்த மேடையைக் கொளுத்த வேண்டும் போலிருக்கிறது.

6

திங்கட்கிழமை காலை. தலைமையாசிரியர் அறை முன்னால் பொன்னாத்தாள் நிற்கிறார். கதவில் பூட்டு. சாவி பொங்கியண்ணன் வீட்டில்.

'பொன்னாத்தாள் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.'

எழுதிப் பார்த்துவிட்டேன். பூட்டு அப்படியேதான் தொங்குகிறது. ஆணை போட்ட எனக்கே அதைத் திறக்க வழியில்லை.

உங்களுக்கு அந்த வீடு தெரியும். கல்யாணம் காட்சிக்கெல்லாம் போய் இலை போட்டுச் சாப்பிட்ட வீடுதான். சனிக்கிழமை கைதட்டியவர்களில் நீங்களும் ஒருவர். எழுந்து போய்ச் சாவியைக் கேளுங்கள். சண்டை வேண்டாம், 'ஏனுங்க' போட்டே கேளுங்கள். அவர் உட்காரச் சொல்லுவார், மோர் கொடுப்பார், ஊர் நியாயம் பேசுவார். மோரைக் குடித்துவிட்டு வெறுங்கையோடு வந்துவிடாதீர்கள்.

பிரேயர் மணி அடித்துவிட்டது. டீச்சர் இன்னும் நிற்கிறார்.